பழுதுகளின் வம்சாவளி

"மச்சி, எல்லாம் ஓகே. கிட்டார் எங்கடா?"

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இரண்டு மாத உழைப்புக்கு எனக்குக் கிடைத்த விமர்சனம் இவ்வளவுதான். அனுப்பியவன் கல்லூரி நண்பன், டிரம்மர். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று பாட்டு போட்டோம். பதிவு செய்யவேயில்லை. அப்புறம் வேலை, கல்யாணம், இ.எம்.ஐ. 14 வருடம் கழித்து அவனுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. டபுள் பெடலை இனி மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, வாடகை ஸ்டூடியோவில் இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்று பாட்டுக்கும் டிரம்ஸ் அடித்துப் பதிவு செய்து எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: இன்னொரு டேக் கிடையாது. மிச்சத்தை நான் செய்ய வேண்டும்.

என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டிஜிட்டல் மாடலர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலால் மிதிக்கும் ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும் ஒரு இரும்புப் பெட்டி, நடுவில் சின்னத் திரை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்ப்ளிஃபையர்கள், ஸ்பீக்கர் பெட்டிகள், மைக்குகள், பெடல்கள், எல்லாம் மென்பொருளாக. கிட்டாரை ஒரு பக்கம் செருகி, ஹெட்ஃபோனை மறுபக்கம் செருகினால் அபார்ட்மெண்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

மெட்டல் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் முழு வால்யூமில் உறுமும் ஒரு 100 வாட் வால்வு ஆம்ப்பின் முன்னால் வாழ்க்கையில் ஒருமுறைகூட நின்றதில்லை. கேட்டதெல்லாம் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் எம்பி3, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் ஹெட்ஃபோன். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு குமிழ்களைத் திருகினேன். கெயின் 10. பேஸ் 10. ட்ரெபிள் 9. மிட் 0. தனியாகக் கேட்டால் இடி. டிரம்ஸோடு சேர்த்தால் தகர டப்பாவுக்குள் அடைத்த வண்டு. அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

பதில் தேடிப்போனவன் 70 வருடம் பின்னால் போய் நின்றேன்.

*

1951 மார்ச். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சின்ன ஸ்டூடியோவுக்கு ஐக் டர்னரின் குழு காரில் வந்து இறங்குகிறது. வழியில் கிட்டாரிஸ்ட் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் பழுதாகிவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. சரிசெய்ய நேரமில்லை. ஃபிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கி ஸ்பீக்கரில் திணித்து, அப்படியே வாசிக்கச் சொல்கிறார். 'ராக்கெட் 88' பாட்டின் அடியில் ஓடும் அந்தக் கரகரப்பு இப்படி வந்தது.

1958-ல் லிங்க் ரே, 'ரம்பிள்' இசைத்துணுக்குக்காகத் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். பாட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் பையன்களை அடிதடிக்குத் தூண்டும் என்று சில அமெரிக்க ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர பிளேடை எடுத்து ஒரு சின்ன ஆம்ப்பின் கூம்பையே கீறினார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நாஷ்வில் கதை. 1961-ல் வந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' ஒரு சாதுவான கன்ட்ரி பாட்டு. நடுவில் கிராடி மார்ட்டின் வாசிக்கும் ஆறு கம்பி பேஸ் திடீரென்று தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது. ஸ்டூடியோ கன்சோலில் அந்தச் சேனலின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. திரும்ப எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு ஹிட். பழுது முற்றி அந்தச் சேனல் கைவிட்ட பிறகு ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் திரும்பவும் செய்யும் ஒரு சர்க்யூட் வரைந்து கிப்சன் கம்பெனிக்குக் கொண்டுபோனார். 1962-ல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெடலாக வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகுதான் கடைகளில் சரக்கு நகர்ந்தது.

உடைந்த ஒரு பொருளைப் பார்த்து, அந்த உடைசலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து இன்னொரு பெட்டிக்குள் வைத்து விற்றது அநேகமாக அதுதான் முதல் தடவை. என் கையிலிருக்கும் மாடலரின் மூதாதை அந்தப் பெடல்தான் என்பேன்.

*

இந்த உடைசல் காதுக்கு ஏன் பிடிக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் மெட்டல் புரியாது.

ஒரு ஆம்ப்பால் அலையை இவ்வளவு உயரம்தான் எழுப்ப முடியும் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டச் சொன்னால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் வால்யூமை முழுதாகத் திருகினால் எல்.ஆர். ஈஸ்வரி குரல் கரகரக்குமே, அதே சங்கதிதான். மொட்டையான அலையில் மூல அலையில் இல்லாத புதிய சுரங்கள் முளைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை உள்ளே விட்டால் அவற்றின் கூட்டல்களும் கழித்தல்களும்கூட ஒலியாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 ஹெர்ட்ஸில் ஒரு ஸ, அதன் ப சுமார் 165. இரண்டையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் கழித்தல் 55 வருகிறது. அது அதே ஸ, ஒரு ஸ்தாயி கீழே. யாருமே வாசிக்காத ஒரு மந்திர ஸ தானாக அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பவர் கார்ட் என்று கிட்டார்காரர்கள் சொல்வது இந்த இரண்டு சுரம்தான். இப்போது ப-வுக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வையுங்கள். கிட்டாரின் சம இடைவெளிக் கணக்கில் அது 138.6. கழித்தல் 28.6. இரண்டு ஸ்தாயி கீழே இருக்க வேண்டிய ஸ 27.5. இரண்டும் ஒட்டாது, உரசும். அதனால்தான் சாதாரண கிட்டாரில் தேனாக ஒலிக்கும் மேஜர் கார்ட், ஹை-கெயினில் பழைய இரும்புக்கடையாகிவிடுகிறது. மெட்டல்காரர்கள் எல்லாப் பாட்டிலும் ஸ-ப, ஸ-ப என்றே வாசிப்பது சோம்பேறித்தனம் என்று ஒரு கர்நாடக சங்கீத நண்பர் என்னைச் சீண்டுவார். பாதி உண்மை. மீதி இந்த 55.

டிஸ்டார்ஷன் தன் அடித்தளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்ற இந்த விஷயம்தான் எனக்குத் தெரியாமலிருந்தது. அதற்கு முன்னால் நாம் வேறு பேஸை ஊற்றினால், அந்தப் பெரிய தடித்த அலைகளே முழு எல்லையையும் அடைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்ன அலைகளை நசுக்கிவிடும். கிடைப்பது கொழகொழ.

*

இனி பர்மிங்ஹாம். மெட்டலின் கதையில் இந்த ஊரைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் கூடாது.

1965-ல் 17 வயது டோனி அயோமிக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் அன்று கடைசி நாள். மறுநாளிலிருந்து முழுநேர இசைக்காரன். அன்றைக்கு மெஷின் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். தொழிற்சாலை ஃபோர்மேன், ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீயில் கருகிய கையோடு இரண்டே விரல்களில் தனிவாசிப்பு வாசித்த ஜாஸ் மேதை அவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். உறைக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பியின் தொடுகை தெரியாது, அழுத்தினால் வலிக்கும். ஆகவே மெல்லிய கம்பிகளைத் தேடினார். கிட்டார் கடைகளில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளைப் போட்டார். பிறகு கம்பிகளைத் தளர்த்தினார். 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாட்டுகளில் சுருதி மூன்று அரைச் சுரம் கீழே இறங்கியிருக்கிறது.

பூமியிலேயே கனமான ஒலி என்று நாங்கள் ஹாஸ்டலில் அடித்துச் சொன்ன ஒலி, இருப்பதிலேயே மெல்லிய கம்பிகளிலிருந்து வந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவாகி 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான முதல் பிளாக் சபாத் ஆல்பத்தில், கிட்டாருக்கும் லேனி ஆம்ப்புக்கும் நடுவே ஒரு சின்ன பெட்டி இருந்தது. டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர். ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஒரே ஒரு குமிழ். அதன் வேலை ட்ரெபிளைத் தூக்கிக் கொடுப்பது. அதன் நுழைவாயிலில் இருக்கும் கெபாசிட்டர் மிகச் சிறியது. அதனால் அடிச்சுரங்கள் அதற்குள் நுழையவே திணறும். அதாவது அயோமி ஆம்ப்புக்குள் அனுப்பியது பேஸ் கழிக்கப்பட்ட, ஒல்லியான சிக்னல். கனமெல்லாம் வெட்டுப்பட்ட பிறகு வந்தது. மீதி கனத்தைப் பக்கத்தில் நின்ற கீஸர் பட்லரின் பேஸ் கிட்டார் கொடுத்தது.

இதைப் படித்த அன்று எழுந்துபோய் மாடலரில் என் பேஸ் 10-ஐப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

*

ஒருமுறை கண்ணில் பட்டபிறகு, இந்தக் கழித்தல் எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பித்தது.

கலிபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் ஆம்ப் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற குட்டி ஆம்ப்புக்குள் பெரிய பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டைத் திணித்து, ஒரு இசைக்காரரிடம் விளையாட்டுக் காட்டினார். மெஸா பூகி கம்பெனி அங்கிருந்து தொடங்கியது. பின்னர் அவர் செய்த காரியம்தான் ஹை-கெயினுக்கு வழிவிட்டது. ஒரு வால்வின் வெளியீட்டை இன்னொரு வால்வுக்குள் விட்டு, அதை அடுத்ததற்குள் விட்டார். அடுக்கடுக்காகப் பெருக்கம். முன்பு ஊரே அதிரும் வால்யூமில்தான் வால்வு கரகரக்கும். இப்போது தனியாக ஒரு மாஸ்டர் வால்யூம் வைத்து, மெதுவான ஒலியிலும் அதை வரவழைக்கலாம்.

இந்த வரிசையில் 1980-களில் வந்த மார்க் 2சி+ ஆம்ப்பில் ஒரு வினோதம் உண்டு. பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன. ஐந்து பட்டைகள் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசர் (80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ்) டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். அதனால் அனுபவமுள்ளவர்கள் பேஸ் குமிழைக் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வேண்டிய பேஸைக் கடைசியில் அந்த 80-ல் தூக்கிக்கொள்வார்கள். மெடாலிகா 1986-ல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கோபன்ஹேகனில் இந்த ஆம்ப்பை வைத்துப் பதிவானது. அதில் நான் கேட்ட 'மிட் இல்லாத' ஒலி பின்னால் செதுக்கப்பட்டது. நான் முன்னால் செதுக்கியிருந்தேன். பொரிப்பதற்கு முன் ஈரத்தைத் துடைப்பதும், பொரித்த பிறகு எண்ணெயை வடிப்பதும் ஒன்றாகுமா? கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, இரண்டு ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

1992-ல் மிசிசிப்பியின் மெரிடியனில் இருக்கும் பீவி கம்பெனி, எடி வான் ஹேலனுக்காக 5150 ஆம்ப்பைக் கொண்டுவந்தது. 120 வாட். வடிவமைத்தவர் பெயர் ஜேம்ஸ் பிரவுன். பாடகர் இல்லை, இன்ஜினியர். எடி மெட்டல்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆம்ப்பை அவரைவிட அதிகம் பிடித்துக்கொண்டது மெட்டல் உலகம். அதில் இருந்த கெயின் யாருக்குமே தேவைப்படாத அளவு. கெயினைக் குறைத்துவிட்டு, முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை வைப்பது வழக்கமானது. அந்தப் பச்சைப் பெடல் 1970-களின் கடைசியில் ஜப்பானில் இருந்து வந்தது, ப்ளூஸ்காரர்களின் செல்லம். மெட்டல்காரர்கள் அதன் டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தார்கள், லெவலை முழுக்கத் தூக்கினார்கள். டிஸ்டார்ஷன் பெடலை வாங்கி அதில் டிஸ்டார்ஷனை அணைத்துவிடுவது! அவர்களுக்கு வேண்டியிருந்தது அதன் இன்னொரு குணம். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அது படிப்படியாக இளைக்க வைக்கும். ரேஞ்ச்மாஸ்டரின் வேலையேதான், வேறு காலம், வேறு கண்டம், வேறு நிறம்.

விதிவிலக்கும் இருக்கிறது, அது ஸ்டாக்ஹோமில். 1983-ல் பாஸ் கம்பெனி எச்.எம்.-2 என்று ஒரு ஹெவி மெட்டல் பெடலை விற்றது. பெரிதாக மதிக்கப்படாமல் 1991-ல் உற்பத்தி நின்றுபோன சரக்கு. அதன் நான்கு குமிழ்களையும் ஸ்வீடன் பையன்கள் சிலர் வலது ஓரம் வரை திருகினார்கள். நான்கும் முழுசாக. 1990-ல் சன்லைட் ஸ்டூடியோவில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்த என்டூம்ப்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பம் அந்த ஒலியால் ஆனது. ரம்பத்துக்கு மோட்டார் வைத்த ஒலி. ஒரு நாட்டின் டெத் மெட்டல் முழுவதற்கும் அடையாளமே அதுவானது. 2021-ல் பாஸ் கம்பெனியே அந்தப் பெடலைத் திரும்ப வெளியிட்டது. நான்கும் 10 என்றால் கொழகொழ ஆகவில்லையா? ஆகவில்லை, ஏனென்றால் அதில் பேஸைத் தூக்கும் பகுதி வெட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

*

சரி, இதையெல்லாம் எண்களாக்கியது எப்போது?

1995-ல் ரோலண்ட் வி.ஜி.-8 வந்தது. 1998-ல் லைன் 6 கம்பெனியின் பாட், அவரைவிதை வடிவத்தில் சிவப்பாக ஒரு டப்பா. மேஜைமேல் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் நேராகப் பதிவு செய்யலாம். படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து மெட்டல் செய்யும் ஒரு தலைமுறையே அதிலிருந்து வந்தது. ஸ்வீடனின் மெஷுகா போன்ற பெரிய குழுக்களும் 2000-களில் வால்வுகளை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு நகர்ந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்து டிஜிட்டல் ஹை-கெயினில் ஒரு மணல் இருக்கும், பல்லில் நறநறக்கும் மணல். காரணம் இதுதான். டிஜிட்டலில் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கிறோம் என்றால், 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் எழுதி வைக்க இடம் கிடையாது. டிஸ்டார்ஷனோ புதிய சுரங்களைப் பிறப்பித்துக்கொண்டே போகும். 5,000 ஹெர்ட்ஸ் அலையின் ஏழாவது மடங்கு 35,000. எழுத இடமில்லாத அது, மறைந்துபோகாமல் மடிந்து 13,000-மாக வந்து நிற்கும். பழைய சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழலுமே, அதே கண்கட்டு, காதுக்கு. 13,000-க்கும் நாம் வாசித்த சுரத்துக்கும் எந்த உறவும் இல்லை. வழி ஒன்றுதான். உள்ளே எட்டு மடங்கு, அதற்கும் மேல் வேகத்தில் கணக்கைப் போட்டு, உச்சியை வடிகட்டிவிட்டு, மறுபடி 48,000-க்கு இறக்க வேண்டும். அதுவும் விரல் கம்பியைத் தொட்டு சில மில்லிசெகண்டுக்குள். சிப்புகள் அந்த வேகத்துக்கு வளர வேண்டியிருந்தது.

வளர்ந்தபின் இரண்டு பாதைகள் பிரிந்தன. அமெரிக்காவின் ஃப்ராக்டல் ஆடியோ ஒரு ஆம்ப்பின் சர்க்யூட்டை உறுப்பு உறுப்பாகச் சமன்பாடுகளாக எழுதியது. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல், ஒரு உண்மையான ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு ஜாடையைப் பிடித்தார். இப்போது மூன்றாவதாக நியூரல் நெட்வொர்க். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்தமூல மென்பொருள் சில நிமிட ஒலியைக் கேட்டு ஒரு ஆம்ப்பைக் கற்றுக்கொள்கிறது. பேச்சொலியை உருவாக்க 2016-ல் டீப்மைண்ட் வெளியிட்ட வேவ்நெட் என்ற கட்டமைப்பு அதன் அடியில் இருக்கிறது. அந்தக் கோடை ஒரு சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது.

என் மாடலரின் மெனுவில் ஆழமான பக்கம் ஒன்று உண்டு. பலமாக அடித்தால் மின்சப்ளை ஒரு கணம் துவண்டு மீள்வதற்கு ஒரு குமிழ். சுவர் மின்சாரத்தின் இரைச்சல் ஒலிக்குள் கசிவதற்கு ஒரு குமிழ். வால்வு சூடேறித் தடம் மாறுவதற்கு ஒரு குமிழ். ஸ்பீக்கர் கூம்பு தாங்காமல் திணறுவதற்கு ஒரு குமிழ். ஆம்ப் வடிவமைத்த அந்தக்கால இன்ஜினியர்கள் இவற்றை ஒழிக்கத்தான் ராத்திரி பகலாக உழைத்திருப்பார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு பக் டிக்கெட். இங்கே விளம்பரத்தில் போடும் சிறப்பம்சம்.

*

இன்னும் ஒரு தவறான நம்பிக்கை பாக்கியிருந்தது. நான் துரத்திக்கொண்டிருந்தது ஆம்ப்பின் ஒலி என்று நினைத்திருந்தேன்.

ரெக்கார்டில் ஆம்ப்பின் ஒலி கிடையாது. இருப்பது, ஆம்ப்பிலிருந்து வந்ததை 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று தன் பாணியில் திரித்துச் சொல்ல, அதற்கு ஓரிரு அங்குலம் முன்னால் நிற்கும் மைக் ஒட்டுக்கேட்ட ஒலி. பெரும்பாலும் அது 1965-ல் ஷூர் கொண்டுவந்த எஸ்.எம்.57. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று ஊமையாகிவிடும். டிஸ்டார்ஷனின் காதைக் கிழிக்கும் பகுதியை அந்தக் காகிதக் கூம்புதான் இத்தனை வருடமும் தடுத்து வந்திருக்கிறது. மாடலரில் ஸ்பீக்கர் பெட்டியை அணைத்துக் கேளுங்கள், பல் கூசும். இப்போதைய மாடலர்களில் அந்தப் பெட்டியும் மைக்கும் சேர்ந்து ஐ.ஆர். என்ற சின்ன ஒலிக்கோப்பாக இருக்கும். ஒரே கைதட்டலில் மண்டபத்தின் எதிரொலியைப் பிடித்து வைப்பது போன்ற வேலை. ஆம்ப்பை மாற்றி மாற்றி இரண்டு மாதம் வீணாக்கிய எனக்கு, மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஒரு அங்குலம் ஓரமாக நகர்த்தியதில் கிடைத்த மாற்றம் எந்த ஆம்ப்பிலும் கிடைக்கவில்லை.

அப்புறம், அந்தச் சுவர் போன்ற ஒலி ஒரு கிட்டார் இல்லை. ஒரே வாசிப்பைத் தனித்தனியாக இரண்டு முறையோ அதற்கும் மேலோ வாசித்து இடமும் வலமுமாக வைப்பார்கள். கோப்பைக் காப்பி எடுத்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. இரண்டு வாசிப்புக்கும் நடுவே உள்ள மயிரிழைப் பிசகுகள்தான் அகலம் தருகின்றன. அடியில் நாம் கிட்டார் என்று நம்பும் கனத்தில் பாதிக்கு மேல் பேஸ் கிட்டார். சந்தேகம் இருந்தால் மெடாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேளுங்கள். ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிட்டத்தட்டக் காதிலேயே விழாது. அதே குழுதான், அதே கைதான், ஆனால் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். எனக்கு அந்த வறட்சி பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

*

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். முதலில் நாய்ஸ் கேட், கம்பி நின்றதும் இரைச்சலை வெட்ட. அடுத்து பச்சைப் பெடல், டிரைவ் 0, லெவல் முக்கால். 5150-ன் மென்பொருள் நகல், கெயின் 4, பேஸ் 4, மிட் 6. மிட்டைத் தூக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. நாலு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு எஸ்.எம்.57. கடைசியில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 9,000-க்கு மேலேயும் வெட்டு. 4,000 பக்கத்தில் ஒரு விசில் இருந்தது, அதைத் தேடிப்பிடித்து மெல்லிசாகக் குறைத்தேன்.

தனியாகக் கேட்டபோது சப்பென்று இருந்தது. மூக்கடைத்தவன் பேசுவது மாதிரி. இதற்கா இவ்வளவு பாடு என்று அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் இடது வாசிப்பு, வலது வாசிப்பு, கீழே பேஸ் கிட்டார், அதற்கடியில் அவனுடைய டிரம்ஸ் என்று சேர்த்து ஓட்டினேன். முதல் பாட்டின் நாலாவது பாரில் கிட்டார் உள்ளே வந்த இடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி, வெளியே ஸ்பீக்கர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடவில்லை.

கெயினைக் குறைத்ததில் ஒரு சிக்கல் வந்தது. அதிக கெயின் எல்லாப் பிசகையும் மெழுகி மறைக்கும். இப்போது வலது உள்ளங்கை கம்பியை எவ்வளவு அழுத்துகிறது, பிக் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று அத்தனையும் நிர்வாணமாகக் கேட்கிறது. முதல் இரண்டு பாட்டையும் எப்படியோ தேற்றி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"கேக்குதுடா. கார்ல ரெண்டு தடவ போட்டேன். ரெண்டாவது பாட்டுல நீ எனக்கு முன்னாடி ஓடுற, பாத்துக்க."

போட்டுப் பார்த்தேன். ஓடியிருக்கிறேன், கோரஸ் முழுக்க. கட்டத்துக்கு இழுத்து ஒட்டவைக்க மென்பொருளில் வழி இருக்கிறது, அதைச் செய்யவில்லை. மூன்றாவது பாட்டு நிமிடத்துக்கு 190 அடி. 21 வயதில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது. இப்போது 165-ல் முழங்கைக்குக் கீழே இறுகிவிடுகிறது. மெட்ரோனோமை 160-ல் வைத்து, தினமும் ராத்திரி குழந்தை தூங்கியபின் அரை மணி நேரம் உட்காருகிறேன். வாரத்துக்கு 2 ஏற்றுவதாகத் திட்டம். அவன் டிரம்ஸ் கோப்பு அதே ஃபோல்டரில், தொடாமல் இருக்கிறது.